கரிச்சானும் காமிராவும்

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்

"வடசென்னையில் பறவையா? காக்கையை விட்டால் வேறென்ன இருக்கிறது?" என்று கேட்டுச் சிரிக்கும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பறவை பார்ப்பதென்றால் வேடந்தாங்கலுக்கோ பழவேற்காட்டுக்கோ போகவேண்டும். கழுத்தில் தொலைநோக்கி தொங்கவேண்டும். சட்டைப்பையில் பணமும் இருக்கவேண்டும் என்று எண்ணியிருந்தேன். கல்மண்டபத்தில் பிறந்தவன் காதில் விழுவதெல்லாம் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும், காசிமேட்டுப் படகுகளின் எஞ்சின் சத்தமும், நள்ளிரவில் எங்கோ ஊதும் கப்பல் சங்கும்தாமே! இத்தனைக்கும் நடுவில், விடிவதற்கு முன்பே ஒரு பறவை எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே உட்கார்ந்து நாள்தோறும் பாடிக்கொண்டிருந்தது என்பது பதினெட்டு வயதுவரை எனக்குத் தெரியாது. காட்டிக் கொடுத்தவர் எங்கள் ஆயா.

"தெனமும்தான் பாடுது. உனக்கு இப்பத்தான் காது வந்துச்சா?" என்றார்.

எங்கள் வீட்டுத் தோட்டம் என்று சொன்னால் யாரும் பெரிதாக எண்ணிவிட வேண்டா. நான்கு குடித்தனங்களுக்கும் பொதுவான பின்கட்டு அது. ஒரு முருங்கை, ஒரு செம்பருத்திப் புதர், துணி துவைக்கும் கல், என்றும் காயாத குழாயடி. பின்புறம் ஒரு பழைய செங்கற்சுவர். காரை உதிர்ந்து பல்லிளித்துக்கொண்டிருக்கும். முன்னொரு காலத்தில் ஏதோ குழாய் போன இடத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு பொந்து. அந்தப் பொந்தைச் செம்பருத்திக் கிளைகள் மறைத்திருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது தெருவில் பெரிய மரங்கள் சாய்ந்தன. எங்கள் முருங்கையும் இடுப்பளவில் முறிந்தது. ஆனால் முருங்கையைத் தெரியாதா? அடுத்த மழைக்குள் தழைத்துவிட்டது.

அந்த முருங்கைக்கு மேலே, யாரும் பயன்படுத்தாத பழைய டி.வி. ஆன்டெனா ஒன்று கம்பியில் நின்றுகொண்டிருக்கிறது. அதுதான் அந்தப் பறவையின் மேடை. மைனாவைவிடச் சிறியது. தலை, மார்பு, முதுகு எல்லாம் பளபளக்கும் கறுப்பு, வயிறு வெண்மை, இறக்கையில் ஒரு வெள்ளைப் பட்டை. வாலை நட்டக்குத்தலாகத் தூக்கி நிறுத்திக்கொண்டு பாடும். அது ஆண். பெண் பறவைக்குக் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறம். அடக்கமாகக் குழாயடி ஈரத்தில் புழுப்பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். தமிழில் இதற்குக் குண்டுக்கரிச்சான் என்று பெயர். வெறும் கரிச்சான் என்றால் நம் ஊரில் இரட்டைவால் குருவியைச் சொல்வார்கள்; அது வேறு. (தமிழ்த்துறை நண்பர்களுக்கு இங்கே எழுத்தாளர் கரிச்சான் குஞ்சு நினைவுக்கு வருவார். கு.ப.ரா. 'கரிச்சான்' என்ற புனைபெயரில் எழுதியதால், அவர்மீது பற்றுக்கொண்ட இவர் 'குஞ்சு' ஆனார் என்பது சுவையான செய்தி.)

ஆங்கிலத்தில் இதை மேக்பை ராபின் என்பார்கள். இங்கிலாந்தில் தோட்டந்தோறும் காணப்படும் செம்மார்புச் சிறு பறவைதான் உண்மையான ராபின். ஊரைவிட்டுக் கடல் கடந்து போன ஆங்கிலேயன், போன இடத்திலெல்லாம் தன் வீட்டுத் தோட்டத்துப் பறவையையே தேடினான் போலும். அமெரிக்காவில் ஒரு பறவைக்கு அந்தப் பெயரை வைத்தான். இங்கே இதற்கு வைத்தான். நம் இராயபுரத்து ராபின்சன் பூங்காவுக்கும் இந்த ராபினுக்கும் உறவு ஏதுமில்லை. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த அதே பூங்காதான். இப்போது அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே ஒரு காலை நடக்கப் போனபோது, விளக்குக் கம்பத்தில் ஒரு ஆண் கரிச்சான் உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தது. பெயர்ப் பொருத்தத்தை எண்ணி நான் மட்டும் சிரித்துக்கொண்டேன்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. உலகமெங்கும் அறிவியலார் இப்பறவையைச் 'சாலாரிஸ்' என்ற சிறப்புப் பெயரால் அழைக்கிறார்கள். 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. 'நூறு பாட்டு' என்று பொருள்படும் ஓர் இந்திச் சொல்லிலிருந்து வந்தது என்பர். ஆனால் லின்னேயஸுக்கும் முன்னரே, புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்டு பல்க்லி என்பவர் இந்தப் பறவையில் ஓர் ஆணைச் சென்னையிலிருந்து இலண்டனிலிருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். 1713இல் வெளியான ஜான் ரேயின் பறவை நூலில் அதன் வருணனை ஏறியது. ஆக, அறிவியல் உலகம் இந்தப் பறவையை முதன்முதலில் அறிந்தது நம் ஊர்ப் பறவையைக் கொண்டுதான். கல்மண்டபத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். அந்த மருத்துவர் அனுப்பிய கரிச்சான் எந்தத் தோட்டத்தில் பாடியதோ, யார் கண்டது! வடசென்னையில் பறவை ஏது என்று சிரிக்கும் நண்பர்களுக்கு இதை நான் இப்போதெல்லாம் சொல்வதுண்டு.

"கரி பறந்த காலத்துலயே இது இங்கதான் இருந்துச்சு" என்பார் ஆயா. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட நாட்களில், வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாம்பல் நிறமாகத்தான் எடுக்க வேண்டுமாம். உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி 2011இல் அது நின்றது. சரக்கு எண்ணூர்ப் பக்கம் போயிற்று. எங்கள் தெரு மூச்சுவிட்டது. எண்ணூரில் இருந்து வரும் நம் வகுப்பு நண்பனோ, "உங்க கரியையும் சேத்து நாங்கதான்டா முழுங்குறோம்" என்கிறான். அவன் சொல்வதற்கு என்னிடம் பதிலில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்கள் இறக்கையெல்லாம் கறுத்து நின்ற காட்சியை முதலில் எனக்குக் கைபேசியில் அனுப்பியவனும் அவனே.

படம் எடுக்கும் ஆசை எனக்கு அப்படித்தான் வந்தது. எங்கள் மாமா மகன் கல்யாணங்களுக்குப் புகைப்படம் எடுப்பவர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காமிராவையும் பெரிய லென்சையும் எனக்குக் கொடுப்பார். முதல் மாதம் நான் எடுத்தவை எல்லாம் வாலில்லாத பறவை, தலையில்லாத பறவை, பறவையே இல்லாத கிளை. அப்போது நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், காமிராவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பதுதான். ஒரு வாரம் துணி துவைக்கும் கல்லில் சும்மா உட்கார்ந்தேன். ஆண் பறவை எந்தக் கம்பியிலிருந்து எந்தக் கம்பிக்குப் போகும், எத்தனை மணிக்குக் குழாயடிக்கு இறங்கும் என்பது புரிந்தது. அதன்பிறகு அது வரும் இடத்தில் முன்னதாகவே போய் அமர்ந்துகொண்டால் போதும்; பறவையே வந்து நிற்கும்.

மா. கிருஷ்ணனைப் பற்றி எங்கள் துறைப் பேராசிரியர் வகுப்பில் சொன்னதும் அந்த நாட்களில்தான். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். தாமே சேர்த்துப் பொருத்திக்கொண்ட காமிராவில் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். 1950இல் தொடங்கிய பத்திரிகைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். வண்ணம் இல்லையே என்று நாம் குறைப்படலாம். கரிச்சானைப் படமெடுத்துப் பார்த்தவனுக்கு அந்தக் குறை தெரியாது. பறவையே கறுப்பு வெள்ளைதானே!

ஒரு நாள் வேடிக்கை. அப்பாவின் மோட்டார் சைக்கிள் பின்கட்டில் நின்றது. ஆண் கரிச்சான் அதன் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, தன் பிம்பத்தைப் பார்த்து மார்பைப் புடைத்து, அலகால் கொத்து கொத்தென்று கொத்தியது. அப்பா கண்ணாடிமேல் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். நான் சிரித்துவிட்டு நூலகத்தில் படித்தேன். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்த டேவிட் லாக் என்பவர், ராபின்களின் கால்களில் வண்ண வளையங்கள் மாட்டி, ஒவ்வொன்றையும் அடையாளங்கண்டு, சில ஆண்டுகள் பார்த்து 1943இல் ஒரு நூல் எழுதினார். பாடம் செய்த ராபினை வைத்தால் உயிருள்ள ராபின் அதைத் தாக்கும். வெறும் செந்நிற இறகுக் கொத்தை வைத்தாலும் தாக்கும் என்று கண்டார். அவை பாடுவது பெரும்பாலும் "இது என் இடம்" என்று பிற ஆண்களுக்குச் சொல்வதற்கே. நம் கரிச்சானும் அப்படித்தான். மார்ச் முதல் ஜூலை வரை, இணை சேர்ந்து குஞ்சு வளர்க்கும் பருவத்தில், அந்தப் பாட்டு உச்சத்தில் இருக்கும். நாம் இனிமை என்று தலையாட்டிக் கேட்பது அதற்கு எல்லைத் தகராறு!

கைபேசியில் பறவையின் குரலைப் போட்டு அதை அருகில் வரவழைத்துப் படமெடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நானும் இரண்டு முறை செய்தேன். ஆண் கரிச்சான் பாய்ந்து வந்து, இல்லாத எதிரியைத் தேடி அரைமணி நேரம் கிளைகிளையாக அலைந்தது. படம் நன்றாக வந்தது. கண்ணாடிமேல் பையைக் கவிழ்த்த அப்பாவுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான செய்திக்கு வருகிறேன்.

சென்ற ஏப்ரலில் சுவர்ப் பொந்தில் பெண் பறவை கூடு கட்டியது. காய்ந்த புல், நார், எங்கள் வீட்டுத் துடைப்பக் குச்சி, தலைமுடிகூட எடுத்துக்கொண்டு போயிற்று. அடைகாத்தது அது மட்டுமே. ஆண் ஆன்டெனாவில் காவல். குஞ்சு பொரித்தபின் இரண்டும் இரை கொண்டுவந்தன. மூன்று வாய்கள் திறப்பதை முருங்கையின் மேலிருந்து பார்த்தேன். அப்போது நம் ஆண்டு மலருக்கான புகைப்படப் போட்டி அறிவிப்பு வந்திருந்தது.

பொந்துக்கு முன்னால் செம்பருத்திக் கிளைகள் மறைத்தன, வெளிச்சமும் போதவில்லை. கிளைகளை ஒடிக்க எனக்கு மனம் வரவில்லை. "ஒடிக்காமல் கட்டிவைத்தால் பாவமில்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சணல் கயிற்றால் இழுத்துச் சுவரோரமாகக் கட்டினேன். பொந்தின்மேல் வெயில் நன்றாக விழுந்தது. இரண்டு கஜ தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பெண் பறவை அலகில் ஒரு பச்சைப் புழுவோடு வந்தது. பொந்துக்குப் போகவில்லை. எதிரே துணிக் கொடியில் உட்கார்ந்து என்னையே நேராகப் பார்த்தது. வால் மேலும் கீழும் அடித்தது. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நேரம் அசையாமல் அது எனக்காக நிற்கிறதே என்று மகிழ்ந்தேன். அரைமணிக்கு மேல் ஆயிற்று. ஆயா வாசற்படியிலிருந்து சொன்னார்:

"கண்ணு, அது குஞ்சுக்குத் தீனி வச்சினு நிக்குது. நீ நவுந்தாத்தான் உள்ள போவும். இப்பால வா."

"ஒரு நிமிசம் ஆயா" என்றேன். அந்த ஒரு நிமிடம் இன்னும் எவ்வளவு நேரம் நீண்டது என்று இப்போது கணக்குச் சொல்ல முடியவில்லை. படங்களைக் கணினியில் ஏற்றிப் பார்க்கும் அவசரத்தில் மாமா வீட்டுக்கு ஓடினேன். கயிற்றை அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலை பாட்டு கேட்டு எழவில்லை. காக்கைச் சத்தம் கேட்டு எழுந்தேன். இரண்டு காக்கைகள் சுவர்மேல். கரிச்சான்கள் இரண்டும் அவற்றின்மேல் பாய்ந்து பாய்ந்து அலறிக்கொண்டிருந்தன. நான் ஓடிப்போய்க் கல்லெறிந்தபோது பொந்தில் எதுவும் இல்லை. கயிறு கட்டியபடியே இருந்தது. கிளைகள் மறைத்த வரையில் எத்தனையோ நாட்களாகக் காக்கையின் கண்ணில் படாத பொந்து அது. காக்கையைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. அதற்கும் குஞ்சுகள் இருந்திருக்கும்.

ஆயா திட்டவில்லை. "அது உன்ன இன்னா பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, கயிற்றை அவரே அவிழ்த்தார்.

படமோ மிக நன்றாக வந்திருந்தது. பின்னால் சுவரின் செந்நிறம் மங்கலாக. முன்னால் அலகில் புழுவோடு பெண் கரிச்சான், கண்ணில் ஒளிப்புள்ளி. போட்டிக்குக் கொடுத்தேன், கொடுக்காமல் இருக்கும் துணிவு அப்போது இல்லை. முதற்பரிசுக்குத் தேர்வாகியிருப்பதாகச் சொன்னார்கள். "என்ன கம்பீரமான பார்வை!" என்று பாராட்டினார் ஒரு விரிவுரையாளர். அந்தப் பார்வை என்ன சொன்னது என்பது எனக்கும் ஆயாவுக்கும் தெரியும். அது என்னைப் போகச் சொன்ன பார்வை. மறுநாளே மலர்க்குழுவில் சொல்லிப் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

காரணம் கேட்ட அந்த விரிவுரையாளர் என்னோடு நீண்ட நேரம் வாதிட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. "ஒரு குஞ்சுக் கூட்டின் படம் நூறு மாணவர்களைப் பறவைகள்பால் ஈர்க்குமே! பார்த்தால்தானே அன்பு வரும்? ஒரு கூடு அழிந்ததற்காகப் படத்தையே மறைப்பது சரியா?" என்றார். நான் அங்கேயே பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். இப்போது எழுதுகிறேன்.

என் படத்தைப் பார்க்கும் நூறு பேரில் பத்துப் பேர் காமிராவோ கைபேசியோ வைத்திருப்பார்கள். அதே போன்ற படத்துக்கு அவர்கள் கூட்டைத்தான் தேடுவார்கள். கிளையைக் கட்டியதும், பறவை உள்ளே போகாமல் தவித்ததும் படத்தில் தெரிவதில்லை. பரிசு என்று கீழே அச்சிட்டுவிட்டால், இப்படித்தான் எடுக்கவேண்டும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாக ஆகும். நம் நாட்டுப் பறவை ஆர்வலர் குழுக்கள் பலவற்றில் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டம், அரிய பறவைகள் சிலவற்றைக் கூட்டருகே தொந்தரவு செய்வதையே குற்றமாக்கியது. நம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, வேட்டை என்ற சொல்லுக்கு வரையறை கூறும்போதே, காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் அதில் சேர்த்துவிட்டது. இந்த வரையறையை நான் இரண்டாம் ஆண்டுத் தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் என்பதை வெட்கத்துடன் குறிப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் கூண்டுக் குருவிகள் விற்றதை ஆயா சொல்வார். பாட்டுக்காகவே கரிச்சானைப் பிடித்துக் கூண்டில் வளர்த்தவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். சிங்கப்பூரில் கூண்டு வாணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்து, அங்கே குடியேறிப் பெருகிய மைனாக்களின் போட்டியும் சேர, 1970களில் இது விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்தது. பிறகு மீண்டும் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. பிடித்தவர்கள் எல்லாரும் அதன் பாட்டை விரும்பியவர்களே. விருப்பம் இருந்தால் தீங்கு செய்யமாட்டோம் என்று நானும் நம்பித்தான் கயிற்றைக் கட்டினேன்.

ஆகவே மலர்க்குழுவினருக்கு என் வேண்டுகோள்: அடுத்த ஆண்டுப் போட்டி அறிவிப்பில், "கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றின் படங்கள் ஏற்கப்படமாட்டா" என்று ஒரு வரி சேருங்கள். படமெடுக்க வேறு ஒன்றுமே இல்லையா என்ன? ஆன்டெனாவில் பாடும் ஆண் இருக்கிறது. குழாயடியில் தண்ணீர் சிதறக் குளிக்கும் பெண் இருக்கிறது. ரயில்வே ஓரத்துக் கல்மேட்டில், கருஞ்சிட்டு என்னும் இதன் சிறு உறவுக்காரப் பறவை வாலைத் தூக்கி நிற்கிறது. வாலடியில் செம்மண் நிறம். இராயபுரம் ரயில் நிலையத்தின் 1856ஆம் ஆண்டுத் தூண்களின் பின்னணியில் அதை எவராவது படமெடுத்துத் தந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். அலகில் இரையோடு நிற்கும் பறவை உங்களைப் பார்த்தபடி உள்ளே போகாமல் இருந்தால் மட்டும், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் இப்போது ஒரு சிறு சச்சரவு. பின்சுவரைப் பூசிவிடவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார். சிமென்ட் மூட்டைகள் நான்கு வந்து இறங்கியும் விட்டன. "சுவரு முழுக்கப் பூசிக்கோ, அந்த ஓட்டைய மட்டும் உடு" என்று ஆயா கொத்தனாரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். பாம்பு வரும், எலி வரும் என்கிறார் கொத்தனார். "இத்தினி வருசமா வராத பாம்பு இப்பவா வரப்போவுது?" என்கிறார் ஆயா. ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்குகிறதாம். கல்லூரி விடுமுறைதான், நானும் ஆயாவோடு நிற்கப்போகிறேன்.